நாழிகையும் மணியும்: தென்திருவிதாங்கூர் மாணாக்கரின் காலப் பழக்கம்

நெய்யாறு கடலில் கலக்கும் பூவாரும், அதனையடுத்த பாறசாலை, நெய்யாற்றங்கரை வட்டாரமும் இரு கல்வி நகரங்களுக்கு இடைப்பட்டவை. அவ்விரு நகரங்களிலும் புதிய கல்வியும் புதிய காலக்கணக்கும் ஒருங்கே வேரூன்றின. திருவனந்தபுரத்தில் 1834இல் ஆங்கிலப் பள்ளியும், 1837இல் வானாய்வுக்கூடமும் தோன்றின. நாகர்கோவில் மணிமேடையை மூலம் திருநாள் 1893 பிப்ரவரியில் திறந்தார். அதன் கடிகாரத்தை வழங்கியவர் இலண்டன் மிஷனைச் சார்ந்த டதி பாதிரியார்; அவ்வூர்ச் செமினரியை நடத்தியவரும் அவரே. அச்செமினரி அவ்வாண்டிலேயே ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக உயர்ந்தது.

இதுகொண்டு, காலந்தவறாமையை மிஷன் பள்ளிகளே கற்பித்தன என முடிவுகட்டுதல் பொருந்தாது. பெல்லாரி ஆட்சியர் காம்ப்பெல்லின் 1823ஆம் ஆண்டு அறிக்கையின்படி, நாட்டுப் பள்ளிகள் காலை ஆறு மணிக்கே கூடின. முதலில் வருபவன் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்பட்டது; இரண்டாமவனுக்குச் சுழி; மூன்றாமவனுக்கு ஓரடி; நான்காமவனுக்கு இரண்டடி; அதன்பின் வந்தோர்க்கு ஒவ்வோரடி கூடிற்று. (இதனை அப்படியே திருவிதாங்கூருக்கு ஏற்றிக் கூறலாகாது.) அங்குக் கணக்கிடப்பட்டது மணியன்று, வருகையின் வரிசையே.

24 நிமிடங்கொண்ட நாழிகை ஞாயிறெழுச்சியினின்று எண்ணப்பட்டது. ஆதலின் பருவந்தோறும் அது கடிகார மணியினின்று சற்றே விலகியது. திண்ணைப் பள்ளியில் ஒரு பாடம் நெஞ்சில் நின்றபின்னரே அடுத்தது தொடங்கும். 1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை இப்பகுதிக் கல்லூரி மாணாக்கர் எழுதிய சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வோ அனைவர்க்கும் ஒரே கால வரம்பு வகுத்தது. எனவே அக்காலத் தோல்விகளைச் சோம்பலின் விளைவாகக் கொள்வதினும், அளவுகோலின் மாற்றமாகக் கொள்வதே தகும்.