கடலூரும் சிதம்பரமும்: 1952 தேர்தலின் இரு தீர்ப்புகள்

இந்தியக் குடியரசின் முதல் பொதுத்தேர்தலை ஒட்டி 1952ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்கும் வாக்குப்பதிவு நடந்தபோது, தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகரான கடலூரும், அதே மாவட்டத்தின் தென்கோடியில் கொள்ளிடத்துக்கு அருகில் அமைந்த சிதம்பரமும் ஒன்றுக்கொன்று மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கின. கடலூர் தொகுதி, தோன்றிச் சில மாதங்களே ஆகியிருந்த தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்குத் தன் இரண்டு இடங்களையும் அளித்தது. சிதம்பரம் தொகுதியோ தன் இரண்டு இடங்களையும் காங்கிரசுக்கே அளித்தது. மேலோட்டமாகக் காண்போருக்கு இவை ஒரு கட்சியின் வெற்றியும் மற்றொரு கட்சியின் வெற்றியுமாகவே தோன்றும். ஆயினும், அதுவரை ஆட்சிமன்றத்தின் வாயிலுக்கு வெளியே நின்றிருந்த உழவரும் கூலியாளரும் தம் எண்ணிக்கையின் வலிமையை அறிந்துகொண்ட வரலாற்றின் இரு பக்கங்களே இவ்விரு முடிவுகளும் என்பது, அவற்றின் முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றைச் சேர்த்து நோக்கும்போது தெளிவாகிறது.

இம்மாற்றத்தின் அளவை உணர்வதற்கு 1920ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்து தொடங்க வேண்டும். மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி மாகாணங்களில் இரட்டை ஆட்சி முறை, அதாவது நிதி, காவல் போன்ற துறைகள் ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமும் கல்வி, உள்ளாட்சி போன்ற துறைகள் சட்டமன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சர்களிடமும் பிரித்தளிக்கப்பட்ட முறை, அறிமுகமானது. சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு அப்போது தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 98 இடங்களில், காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணித்திருந்த நிலையில், நீதிக்கட்சி 63 இடங்களைப் பெற்றது. ஆளுநர் வெல்லிங்டன் பிரபு, கட்சியின் தலைவரான பிட்டி தியாகராயரை ஆட்சி அமைக்க அழைத்தும் அவர் ஏற்க மறுத்ததால், கடலூரில் வழக்கறிஞராக விளங்கியவரும் தென்னார்க்காட்டின் பெருநிலக்கிழாருமான அகரம் சுப்பராயலு ரெட்டியார் 1920 டிசம்பர் 17 அன்று மாகாணத்தின் முதல் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். உடல்நலக் குறைவால் 1921 ஜூலையில் அவர் பதவி விலகியதும், பனகல் அரசர் அவ்விடத்துக்கு வந்தார்.

சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சரைத் தந்த ஊர் என்ற பெருமை இவ்வாறு கடலூருக்கு உரியதாயிற்று. ஆனால் அப்பெருமை எத்தனை பேரின் வாக்கால் அமைந்தது என்பதையும் கருத வேண்டும். நான்கு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அம்மாகாணத்தில், நிலவரியோ நகராட்சி வரியோ குறிப்பிட்ட அளவு செலுத்தியோருக்கே வாக்குரிமை இருந்ததால், வாக்காளர் ஏறத்தாழ 12 லட்சத்து 48 ஆயிரம் பேராகவே இருந்தனர். அவர்களிலும் ஏறத்தாழ 3 லட்சம் பேரே வாக்களித்தனர். அத்தேர்தலில் பெண்களுக்கு வாக்கு இல்லை. குத்தகைக்கு உழுதவருக்கும், பண்ணையில் கூலிக்கு நின்றவருக்கும், சேரியில் வாழ்ந்தவருக்கும் பெரும்பாலும் வாக்கு எட்டாததாகவே இருந்தது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் வாக்காளர் பட்டியலைப் பெருக்கி, 1937 தேர்தலில் காங்கிரஸ் 215 இடங்களில் 159 இடங்களை வெல்ல வழிவகுத்தபோதிலும், சொத்துரிமையோடு வாக்குரிமையைப் பிணைத்த முடிச்சு அவிழவில்லை. அதனை அவிழ்த்தது, 21 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் வாக்குரிமை அளித்த குடியரசின் அரசமைப்புச் சட்டமே.

இவ்வுரிமை தென்னார்க்காட்டில் எத்தகைய விளைவை உண்டாக்கும் என்பதை முன்கூட்டியே உணர்ந்தவர்கள், அம்மாவட்டத்தின் பெருந்தொகையினரான வன்னியர் சமூகத்தின் தலைவர்கள் ஆவர். தென்னார்க்காட்டில் படையாச்சி என்றும், வட ஆர்க்காட்டிலும் செங்கற்பட்டிலும் நாயக்கர் என்றும், சேலத்தில் கவுண்டர் என்றும் வட்டாரத்துக்கேற்பப் பட்டம் தரித்த இச்சமூகத்தினர், மானாவாரி நிலத்தில் மணிலாவும் கம்பும் கேழ்வரகும் விளைவித்த சிறு உழவர்களாகவும், குத்தகையாளர்களாகவும், நிலமற்ற கூலியாளர்களாகவும் வாழ்ந்தனர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம் சமூகத்துக்கு இழிவான இடம் அளிக்கப்படுவதை எதிர்த்து 19ஆம் நூற்றாண்டிலேயே விண்ணப்பங்கள் எழுதிய அவர்கள், வன்னியகுல சத்திரிய சங்கங்களின் வழியாகப் பள்ளிக்கும் விடுதிக்கும் நிதி திரட்டி வந்தனர். பட்டத்தையும் குலப்பெயரையும் பற்றிய அக்கோரிக்கை, வயதுவந்தோர் வாக்குரிமை கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதும், அரசுப் பணியிலும் சட்டமன்றத்திலும் பங்கு கேட்கும் கோரிக்கையாக மாறியது. 1949இல் நடந்த ஜில்லா போர்டுத் தேர்தலில், அதாவது சாலை, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றைக் கவனித்த மாவட்ட உள்ளாட்சி மன்றத்துக்கான தேர்தலில், காங்கிரசுக்கு எதிராகப் போட்டியிட்டு, தென்னார்க்காட்டின் 52 இடங்களில் 22 இடங்களை அவர்கள் கைப்பற்றியது வரவிருந்ததன் முன்னறிகுறியாகும்.

காங்கிரஸ் தன் வேட்பாளர் பட்டியலில் தமக்கு உரிய இடம் தர மறுக்கிறது என்ற மனக்குறை முற்றியிருந்த 1951இல் கூடிய வன்னியர் மாநாடு, தனியே தேர்தலைச் சந்திக்க முடிவுசெய்தது. அம்முடிவு இரண்டு கட்சிகளாகக் கிளைத்தது. கடலூரைச் சேர்ந்த எஸ். எஸ். இராமசாமிப் படையாட்சியார் தென்னார்க்காட்டையும் சேலத்தையும் களமாகக் கொண்டு தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியைத் தொடங்க, எம். ஏ. மாணிக்கவேலு நாயக்கர் வட ஆர்க்காட்டையும் செங்கற்பட்டையும் களமாகக் கொண்டு காமன்வீல் கட்சியை, அதாவது பொதுநலக் கட்சியை, தொடங்கினார். வட்டாரப் பட்டங்களின் எல்லையே ஏறத்தாழக் கட்சிகளின் எல்லையாகவும் அமைந்தது. எனினும் படையாட்சியார் தம் கட்சிக்குச் சாதிப்பெயரைச் சூட்டாமல் உழைப்பாளர் என்ற பெயரைத் தேர்ந்தது கவனிக்கத்தக்கது. தம் சமூகத்தின் அடையாளம் ஏர் பிடிக்கும் கையே என்றும், அக்கை பிற சமூகத்து உழைப்பாளிக்கும் உரியது என்றும் அப்பெயர் அறிவித்தது. 1949இல் தோன்றித் தேர்தலில் நேரடியாக இறங்காதிருந்த திராவிட முன்னேற்றக் கழகம், திராவிட நாட்டுக் கோரிக்கையைச் சட்டமன்றத்தில் எழுப்புவதாக ஒப்பமிட்ட வேட்பாளர்களை ஆதரிப்பதாக அறிவித்து, இவ்விரு கட்சிகளுக்கும் துணைநின்றது.

அன்றைய வாக்குச்சாவடியின் அமைப்பே இன்றைய வாசகருக்குப் புதுமையாக இருக்கும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி இரும்புப் பெட்டி மறைவிடத்தில் வைக்கப்பட்டு, அதன்மேல் அவருடைய சின்னம் ஒட்டப்பட்டிருந்தது. ஒரு ரூபாய் நோட்டின் அளவுடைய வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயரோ சின்னமோ இல்லை. வாக்காளர் அதில் எந்தக் குறியும் இட வேண்டியதும் இல்லை. விரலில் அழியாத மை வைக்கப்பட்ட பின், சீட்டை வாங்கிக்கொண்டு மறைவிடத்துக்குள் சென்று, விரும்பிய சின்னமுள்ள பெட்டியில் அதனைப் போட்டுவிட்டு வந்தால் போதும். பேனா பிடித்தறியாத கையும் பிறர் உதவியின்றி வாக்களிக்க வல்ல இம்முறை, எழுத்தறிந்தோர் மிகக் குறைவாக இருந்த சிற்றூர்களின் நிலையை நன்கு அறிந்தே வகுக்கப்பட்டது.

கடலூரும் சிதம்பரமும் அத்தேர்தலில் இரட்டை உறுப்பினர் தொகுதிகளாக இருந்தன. மாநிலத்தின் 375 இடங்களில் 243 இடங்கள் ஓர் உறுப்பினர் தொகுதிகளிலும், எஞ்சிய 132 இடங்கள் 66 இரட்டை உறுப்பினர் தொகுதிகளிலும் அமைந்தன. இரட்டைத் தொகுதியில் ஓர் இடம் பொதுவானது. மற்றொன்று பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கப்பட்டது. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு சீட்டுகள் உண்டு. இரண்டையும் ஒரே வேட்பாளரின் பெட்டியில் இட்டால் அவற்றுள் ஒன்றே செல்லும். ஊர்த்தெருவில் வாழ்ந்தவரும் சேரியில் வாழ்ந்தவரும் ஒரே தொகுதியில், ஒரே சாவடியில், இருவகை வேட்பாளருக்கும் வாக்களிக்க வேண்டியிருந்ததால், தனித்து நின்று வெல்வது எந்தச் சமூகத்துக்கும் எளிதாக இல்லை. கடலூரில் படையாட்சியாரோடு இணைந்து இரத்தினம் என்பவரும் உழைப்பாளர் கட்சியின் உறுப்பினராகத் தேர்வானது இந்த அமைப்பின் விளைவாகும்.

மாநில அளவில் வந்த முடிவு ஆளுங்கட்சியை அதிரச் செய்தது. விடுதலைப் போரின் புகழொளி மங்காதிருந்த காங்கிரஸ் 152 இடங்களோடு நின்று பெரும்பான்மையை இழந்தது. முதலமைச்சர் குமாரசாமி ராஜாவும், பக்தவத்சலம் உள்ளிட்ட அமைச்சர்கள் சிலரும் தோற்றனர். கம்யூனிஸ்டுகள் 62 இடங்களையும், கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி 35 இடங்களையும், உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும், காமன்வீல் கட்சி 6 இடங்களையும் பெற்றன. எந்தக் கட்சிக்கும் தனியே ஆட்சி அமைக்கும் வலிமை இல்லாத நிலையில், வடதமிழகத்தின் புன்செய் நிலத்திலிருந்து வந்த இந்த 25 உறுப்பினர்களின் மதிப்பு அவர்களுடைய எண்ணிக்கையைக் கடந்து உயர்ந்தது. எதிர்க்கட்சிகள் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சித் தலைவர் பிரகாசம் தலைமையில் ஐக்கிய ஜனநாயக முன்னணியாகத் திரண்டு ஆட்சி உரிமை கோரியபோது, ஆளுநர் ஸ்ரீபிரகாசா, தேர்தலில் நிற்காத காங்கிரஸ் தலைவர் இராஜாஜியைச் சட்ட மேலவைக்கு நியமித்து, 1952 ஏப்ரல் 10 அன்று அவருடைய அமைச்சரவையைப் பதவியேற்கச் செய்தார். மாணிக்கவேலு நாயக்கர் அவ்வமைச்சரவையில் வருவாய்த்துறை அமைச்சரானார். படையாட்சியார் அதில் சேரவில்லை. 1952 ஜூலை 3 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசு 200க்கு 151 என்ற கணக்கில் வென்றது.

இராஜாஜி பதவி விலக, 1954 ஏப்ரல் 13 அன்று காமராசர் முதலமைச்சரானபோது, எட்டுப் பேர் கொண்ட அவருடைய சிறிய அமைச்சரவையில் மாணிக்கவேலு நாயக்கரோடு இராமசாமிப் படையாட்சியாரும் உள்ளாட்சித்துறை அமைச்சராக இடம்பெற்றார். உழைப்பாளர் கட்சியும் காமன்வீல் கட்சியும் காங்கிரசில் கரைந்தன. வென்ற கட்சி முதல் சட்டமன்றத்தின் காலம் முடிவதற்கு முன்னரே மறைந்ததைத் தோல்வியாகக் கருதுவோர் உண்டு. ஆனால் அமைச்சர் பதவி எட்டில் இரண்டு ஒரே உழவர் சமூகத்தைச் சேர்ந்தவர்களுக்குக் கிடைத்தது, 1951இல் வேட்பாளர் பட்டியலில் இடம் மறுக்கப்பட்டதோடு ஒப்பிடத்தக்கது. ஒரே தேர்தல் முடிவு மூன்றாண்டுகளில் அந்தத் தொலைவைக் கடக்கச் செய்தது.

சிதம்பரத்தின் தீர்ப்பு வேறொரு வழியில் வந்தது. அத்தொகுதியில் வாகீசம் பிள்ளையோடு சேர்ந்து காங்கிரசின் சார்பில் வென்ற சுவாமி சகஜானந்தர், ஆரணிக்கு அருகில் 1890இல் ஆதிதிராவிடர் குடும்பத்தில் பிறந்து, துறவு பூண்டு சிதம்பரம் வந்து, தில்லைக் கூத்தனைக் காண ஏங்கிய நந்தனாரின் பெயரால் 1916இல் பள்ளி தொடங்கியவர். புலையர் எனக் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட அடியாரின் பெயரை, அக்கோயில் நிற்கும் ஊரிலேயே, கல்வியின் பெயராக மாற்றியது அவருடைய வாழ்நாள் பணியின் திறவுகோலாகும். 1926 முதல் நியமன உறுப்பினராகவும், பின்னர் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினராகவும் சட்டமன்றத்தில் அமர்ந்து பள்ளி, விடுதி, நிலம், ஆலய நுழைவு ஆகியவற்றுக்காகப் பேசியவர் அவர். எனவே 1952இல் அவருக்குக் கிடைத்த வெற்றியை, கட்சி அலையைவிட 35 ஆண்டுகளாக ஊன்றிய வேரின் விளைவாகக் கொள்வதே பொருந்தும். 1957 தேர்தலிலும் சிதம்பரம் அவரையே தேர்ந்தெடுத்தது; 1959 மே 1 அன்று மறையும்வரை அவர் உறுப்பினராக இருந்தார்.

இவ்விரு தீர்ப்புகளையும் ஒருசேர வைத்து எண்ணும்போது ஒரு குறையும் புலப்படுகிறது. எண்ணிக்கை மிக்க உழவர் சமூகம், மூன்றாண்டுகளில் தனிக்கட்சி அமைத்து அமைச்சரவை வரை செல்ல முடிந்தது. அதே வயல்களில் அவர்களோடு நாற்று நட்டுக் கதிர் அறுத்த ஆதிதிராவிடருக்கோ, ஒதுக்கீட்டு இடமும், பெரிய கட்சியின் ஆதரவும், ஒரு துறவியின் நெடுங்கால உழைப்பும் சேர்ந்தே சட்டமன்றத்தில் குரல் தந்தன. உழைப்பாளர் என்ற பெயர் இருவரையும் ஒரே அணியில் சேர்க்கும் ஆற்றல் கொண்டிருந்தும், கட்சி விரைவில் கரைந்ததால் அவ்வாய்ப்பு வளராமல் போயிற்று. 1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் சட்டத்தால் நீக்கப்பட்டபின், ஒரே வாக்காளர் இருவகை வேட்பாளருக்கும் சீட்டு இடும் முறையும் மறைந்தது. பிற்காலத்தில் இம்மாவட்டம் கண்ட சாதிப் பூசல்களை அறிந்தோர் இவ்விழப்பை வருத்தத்தோடுதான் எண்ண முடியும்.

1993இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோதும் கடலூரும் சிதம்பரமும் ஒரே மாவட்டத்தில் நீடித்தன. இன்று கடலூரில் இராமசாமிப் படையாட்சியாருக்கும் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தருக்கும் அரசு எழுப்பிய மணிமண்டபங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் அவரவர் சமூகத்தினரே மாலையோடு வருகின்றனர். 1952இல் இவர்களைத் தேர்ந்தெடுத்த வாக்காளரோ, ஒரே சாவடியில் வரிசையில் நின்று, கையில் இரண்டு சீட்டுகளோடு உள்ளே சென்றவர்கள்.