மருந்தை அளந்த கை: மான் வேட்டைத் தோட்டாவின் வரலாறும் சில சொற்களும்

தென்னிந்திய வேட்டை வரலாறு பெரும்பாலும் துப்பாக்கியின் பெயராலும் சுவரில் மாட்டிய கொம்பின் நீளத்தாலும் எழுதப்பட்டிருக்கிறது. சுடுவதற்கு முன் மருந்தை அளந்தவர் யார், அந்த அளவை அவர் எப்படி முடிவு செய்தார் என்ற கேள்வி அதில் அரிதாகவே எழுகிறது. ஏறத்தாழ நூறாண்டுக் காலத்தில் அந்த முடிவு வேட்டைக்காரனின் கையிலிருந்து ஆலைக்கும், அதன் மீதான கட்டுப்பாடு அரசுக்கும் சென்றது. இந்த இடமாற்றம் ஆவணங்களில் மங்கலாகவும் சொற்களில் தெளிவாகவும் பதிந்துள்ளது என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில் 'மருந்து' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நோய் தீர்ப்பதும் குண்டை உந்துவதும் தமிழில் ஒரே பெயரைப் பெற்றன. கன்னடத்து 'மத்து', தெலுங்கின் 'மந்து', மலையாளத்து 'மருந்நு', இந்துஸ்தானியின் 'தாரு' ஆகியவற்றிலும் இந்த இரட்டைப் பொருள் உண்டு. வெடிமருந்து பிறந்த சீனத்தில் அதன் பெயரே 'தீ மருந்து' எனப் பொருள்படும். இவ்வொற்றுமை கடன்பேற்றால் வந்ததா, இணையான சிந்தனையால் வந்ததா என்பது தனி ஆய்வுக்குரியது. ஆயினும் ஒன்றைக் கவனிக்கலாம்: மருந்து என்பது அளந்து கொடுக்கப்படும் பொருள். குறைந்தால் பயனில்லை, மிகுந்தால் கொல்லும். வேட்டைக்காரனும் மருத்துவனும் அளவு என்னும் ஒரே சிக்கலை எதிர்கொண்டார்கள்.

துப்பாக்கியைக் குறிக்கும் சொற்களும் இங்கே துணை செய்கின்றன. தமிழ்நாட்டுத் 'துப்பாக்கி', ஈழத்துத் 'துவக்கு', மலையாளத்துத் 'தோக்கு', கொடவ மொழியின் 'தோக்' ஆகிய நான்கையும் துருக்கிய மூலத்திலிருந்து வந்த 'துபக்' என்னும் சொல்லின் கிளைகளாகக் கொள்வது பொருந்தும். ஈழத்தில் வாய்வழி மருந்து நிரப்பும் நாட்டுத் துப்பாக்கிக்கு 'இடியன்' என்று பெயர். மருந்தையும் குண்டையும் குழாய்க்குள் கோலால் இடித்து இறுக்கும் செயலே ஆயுதத்தின் பெயராகிவிட்டது. தமிழகத்தில் இச்செயல் 'கெட்டித்தல்' எனப்பட்டது. மருந்தை அளந்து கொட்டி, நாரோ துணியோ வைத்து அடைத்து, குண்டையோ ரவையையோ இட்டு, மீண்டும் அடைத்து, இறுதியில் கேப்புப் பொருத்துவது வரையான வரிசை முழுவதையும் இந்த வினை தாங்கி நிற்கிறது. 'தோட்டா' உருது வழியாக வந்த சொல். முன்னரே அளக்கப்பட்டு மூடப்பட்ட பொருளின் பெயர். வினைச்சொல்லின் இடத்தைப் பெயர்ச்சொல் பிடித்துக்கொண்டதைத் தொழில்நுட்ப மாற்றத்தின் மொழிச் சுவடாகவே நான் வாசிக்கிறேன்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? அடர்காட்டில் புள்ளிமானோ கடமானோ பெரும்பாலும் சில பத்து கஜத் தொலைவிலேயே கண்ணில் படும். அவ்வளவு கிட்டத்தில் வேகத்தைக் காட்டிலும் குண்டின் எடையும் அது உடலில் ஊடுருவும் ஆழமுமே பயன் தரும். மருந்து மிகுந்தால் பின்னுதைப்பும் புகையும் கூடும், இறைச்சி சிதையும், பழைய குழாயானால் வெடிக்கவும் கூடும். குறைந்தால் காயப்பட்ட விலங்கு புதருக்குள் ஓடி, நாள்கணக்கில் துன்புற்றுச் சாகும். ஆகவே மருந்தின் அளவு விலங்கின் துன்பத்தையும் சேர்த்தே தீர்மானித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் உருவான 'எக்ஸ்பிரஸ்' வகை ரைஃபிள்கள் எடை குறைந்த குண்டையும் மிகுந்த மருந்தையும் கொண்டு தொலைவை வென்றன. அவற்றின் மெல்லிய, உட்குழிவான குண்டுகள் பெரிய விலங்கின் உடலில் ஆழமாகச் செல்லாமலே சிதைந்துவிடுகின்றன என்ற குறை அக்கால வேட்டைக்காரர்களிடையே நீண்ட விவாதமாயிற்று.

பித்தளைத் தோட்டா வந்ததும் கையின் வேலை உடனே மறைந்துவிடவில்லை. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டைத் திரும்பப் பயன்படுத்தலாம். பழைய கேப்பைத் தட்டி நீக்கிப் புதியதைப் பொருத்தி, மருந்தை அளந்து, குண்டை இருத்தும் சிறு கருவிகள் முகாம்களில் துரைமாரின் பெட்டிகளில் இடம்பெற்றன. கடையிலிருந்து தொலைவில் வாழ்ந்தவருக்கு இது சிக்கனம். காட்டின் தன்மைக்கேற்ப அளவை மாற்ற விரும்பியவருக்கு இது உரிமை.

அந்த உரிமை அரசின் கண்ணில் அச்சமாகத் தெரிந்தது. பல்லால் கடித்துத் திறக்கவேண்டிய காகிதத் தோட்டாவை ஒட்டி 1857இல் வெடித்த கிளர்ச்சிக்குப் பின், 1860இல் ஆயுதப் பறிப்புச் சட்டம் வந்தது. 1861 பெப்ரவரியில் மைசூர், குடகு ஆணையர் மார்க் கப்பன் கொடவருக்கு அதிலிருந்து விலக்களித்தார். 1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் இன்னும் நுட்பமானது. 'வெடிபொருள்' என்பதற்கு அது தந்த வரையறையில் துப்பாக்கிக் கற்கள், அடைப்புகள், கேப்புகள், தோட்டாவின் எல்லா உறுப்புகள், தோட்டா செய்யும் எந்திரங்கள் ஆகியவை அடங்கின. ஈயம், கந்தகம், வெடியுப்பு ஆகியவை அந்த வரையறைக்கு வெளியே நின்றன. ஆனால் வேண்டும்போது 'படைப்பொருள்' என்ற தலைப்பின்கீழ் அவற்றைக் கொண்டுவர அரசுக்கு அதிகாரம் இருந்தது. கெட்டித்தல் என்ற ஒற்றை வினையை உறுப்பு உறுப்பாகப் பிரித்து எழுதினால் கிடைப்பது கிட்டத்தட்ட இந்தப் பட்டியல்தான்.

1907 அளவில் .450 விட்டமுடைய வேட்டை ரைஃபிள்களும் தோட்டாக்களும் இந்தியாவுக்குள் வருவது தடைசெய்யப்பட்டது. வேட்டைத் தோட்டாவிலிருந்து குண்டைப் பிரித்தெடுத்து, பழைய மார்ட்டினி-ஹென்றி படைத் துப்பாக்கிகளுக்குக் கையால் நிரப்பிவிடுவார்கள் என்பதே காரணம். இத்தடையைத் தாண்டவே .465, .470 போன்ற புதிய விட்டங்களுக்குச் சந்தை கிடைத்தது. பெயரறியாத கைகளைக் குறித்த பேரரசின் அச்சம் இங்கிலாந்துத் துப்பாக்கி ஆலைகளின் அளவுகளையே மாற்றியது என்பது சாதாரணச் செய்தியன்று.

தொலைவும் அறமாக மாற்றப்பட்டது. நடந்து தேடித் தொலைவிலிருந்து சுடுபவன் 'விளையாட்டு வேட்டைக்காரன்'. நீர்நிலையருகே மறைந்திருந்து கிட்டத்தில் சுடுபவன் 'திருட்டு வேட்டைக்காரன்'. மருந்து அரிதாகவும் குழாய் பழையதாகவும் உள்ளவனுக்குக் கிட்டத்தில் சுடுவதைத் தவிர வேறு வழியில்லை என்பதை இப்பகுப்பு கணக்கில் கொள்ளவில்லை. 1879இல் நீலகிரிக்கென வந்த வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் மூடுபருவத்தையும் உரிமத்தையும் கொணர்ந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் வடிவிலும் நீர்நிலை, உப்புநிலம் அருகே சுடுதல் தனியே விலக்கப்பட்டிருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் வேட்டை உரிமம் என்ற ஏற்பாட்டையே நீக்கியது.

இத்தடையை நான் மறுக்கவில்லை. மான்கள் எஞ்சியிருப்பதில் அதற்கும் பங்குண்டு. ஆனால் தடையின் நியாயமும் அதற்கு முந்தைய பகுப்பின் அநியாயமும் வேறு வேறு. கொடவருக்குத் தரப்பட்ட ஆயுத விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. கயில்போள்து நாளில் துப்பாக்கி இன்றும் பூச்சூடுகிறது. காலனிய விசுவாசத்துக்குப் பரிசாக வந்த சலுகை இன்று மரபாகப் போற்றப்படுகிறது. அதே வேளையில் நரிக்குறவரும் மலைவாழ் மக்களும் வைத்திருந்த கருவியைச் சுட்டும் 'நாட்டுத் துப்பாக்கி' என்ற தொடர், செய்தித்தாள் தமிழில் 'உரிமமற்றது' என்ற பொருளுக்குச் சுருங்கிவிட்டது. 'நாட்டு' என்னும் அடை கோழிக்கு முன் வந்தால் பெருமை, துப்பாக்கிக்கு முன் வந்தால் குற்றம்.

வேட்டை நினைவுநூல்களைச் சூழலியல் சான்றுகளாகப் பயன்படுத்தும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை மான் சுடப்பட்டது என்று எண்ணுவதோடு, இரண்டாவது துப்பாக்கியைக் கெட்டித்து நீட்டியவர் எந்த வாக்கியத்தில் தோன்றி எந்த வாக்கியத்தில் மறைகிறார் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்கென ஆவணக் காப்பகம் இல்லை. அகராதியும் சட்டத்தின் வரையறைப் பிரிவும் வீட்டுப் பேச்சுமே எஞ்சியுள்ளன.

நான் வசிக்கும் விவேக் நகர், 1809இல் தோன்றிய பெங்களூர்ப் படைக்குடியிருப்பின் தமிழ்ப் பரப்பைச் சேர்ந்தது. சென்னைப் படையோடு வந்த குடும்பங்களின் பேச்சிலும், நீலகிரியிலும், வன்னியிலும் கெட்டித்தல், இடியன், ரவை, சன்னம் போன்ற சொற்கள் எப்பொருளில் வழங்கின என்பதைத் தொகுத்து வருகிறேன். உங்கள் வீட்டு முதியோர் அறிந்த சொற்கள் இருப்பின், ஊரையும் ஏறத்தாழ எந்தத் தலைமுறை என்பதையும் குறித்துப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். அளவைக் குறிக்கும் சொற்களை விட்டுவிடாதீர்கள். மிக விரைவில் மறைபவை அவையே.