ஏலமலைத் தொழிலாளரும் மருத்துவப் பாகுபாடும்

தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே, போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்தின் உடும்பன்சோலை வட்டத்துக்குள் விரியும் ஏலத்தோட்டங்களில் கூலி வேலை பார்க்கும் தமிழருக்கு மருத்துவ உரிமை வந்த விதமும், அது யாரை எட்டவில்லை என்பதும் இக்கட்டுரையின் பொருள். இவர்களில் தலித்துகளும் பெண்களும் மிகுதி. பிற நாடுகளில் இனத்தின் பெயரால் நடக்கும் நிறுவனப் பாகுபாடு இங்கே சாதி, கூலி, மாநில எல்லை ஆகியவற்றின் வழியே நடக்கிறது.

சிகிச்சையை நேரடியாக மறுப்பதைத்தான் சட்டம் முதலில் குற்றமாக்கியது. கத்தியவாரில் ஒரு தலித் ஆசிரியரின் மனைவியைத் தொட மறுத்த மருத்துவர், வெப்பமானியை வேறொருவர் கைவழியாகக் கொடுத்ததையும் அந்தப் பெண் இறந்ததையும் அம்பேத்கர் பதிவு செய்திருக்கிறார். பொது மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதை 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் தண்டனைக்குரியதாக்கியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்தது.

மலையில் மறுப்பு வேறு உருவில் இருந்தது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியை முதலாளியின் கடமையாக்கியது. ஆனால் அது தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா தோட்டங்களையே குறிப்பிட்டது. அதிலும் 25 ஏக்கரும் 30 தொழிலாளரும் இருக்க வேண்டும். ஏலக்காய் 1981 திருத்தத்தில்தான் சேர்ந்தது. வரம்பும் 5 ஹெக்டேர், 15 தொழிலாளர் எனக் குறைந்தது. தோட்டத்தைத் துண்டுபோட்டுத் தப்புவதைத் தடுக்கவும் வழி செய்யப்பட்டது. ஆனால் தொடக்கத்திலேயே சிறிதாக இருந்த தோட்டத்தை அந்த வழி தொடாது. ஏலமலையில் சிறு தோட்டங்களே ஏராளம். ஒரே காயெடுப்பு, ஒரே மருந்தடிப்பு. ஆனால் பக்கத்துப் பெரிய தோட்டத்தில் இருப்பவருக்குள்ள உரிமை சிறு தோட்டத் தொழிலாளிக்கு இல்லை. தொழிலாளியின் உடம்பை நிலத்தின் பரப்பால் அளந்த இந்த முறை அறத்துக்கு ஒவ்வாதது.

விடியுமுன் போடியில் ஜீப் ஏறி, மலையில் வேலை செய்து, மாலையில் இறங்குகிறவர்கள் நிலை இன்னும் மோசம். வேலை ஒரு மாநிலத்தில், வைத்தியம் இன்னொன்றில். ஏலச்செடிக்குப் பூச்சிமருந்து திரும்பத் திரும்ப அடிக்கப்படுகிறது. தலைசுற்றி வருபவருக்குச் சிகிச்சை தர, மேலே என்ன மருந்து அடித்தார்கள் என்று கீழே இருக்கும் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 2010 திருத்தம் இதைக் கவனித்தது: நச்சு மருந்தோடு புழங்குவோருக்குக் குறித்த கால இடைவெளியில் பரிசோதனை, ஒவ்வொருவருக்கும் உடல்நலப் பதிவேடு, அதைப் பார்க்கும் உரிமை எல்லாம் தந்தது. ஆனால் வரம்புக்குக் கீழே இருக்கும் சிறு தோட்டத்தை இவையும் எட்டவில்லை. 1951 சட்டத்துக்குப் பதிலாக 2020-ல் இயற்றப்பட்ட தொழிலாளர் தொகுப்புச் சட்டமும் தோட்டம் என்பதற்கு அதே 5 ஹெக்டேரைத்தான் வைத்திருக்கிறது.