சமோசாவின் பயணமும் சமண அடுக்களையும்

மாலைச் சிற்றுண்டிகளுள் சமோசாவைப் போல் எல்லாத் தரப்பினரும் விரும்புவது வேறொன்று அரிது. தேநீர்க் கடை, தொடர்வண்டி நிலையம், திரையரங்கு, திருமண வீடு என்று அது புகாத இடமில்லை. எனினும் தமிழ்நாட்டுக் கடைகளில் பெரிதும் கிடைக்கும் சமோசாக்கள் இரண்டும் நோன்பொழுக்கம் பேணும் சமணக் குடும்பத்தார்க்கு உகந்தவையல்ல. தாள்போல் மெல்லிய மாவுப் பட்டையை மூன்று மூலையாக மடித்துப் பொரித்த சிறு சமோசாவின் உள்ளே வெங்காயம் இருக்கும். வடநாட்டு முறையில் பருத்து நிமிர்ந்து நிற்கும் சமோசாவின் உள்ளே உருளைக்கிழங்கு இருக்கும். இரண்டும் மண்ணுக்கடியில் விளைபவை.

இதனால் வாழைக்காயும் பட்டாணியும் இட்டு வீட்டிலேயே சமோசா செய்யும் வழக்கம் சமண இல்லங்களில் உண்டு. அதைத் தட்டில் வைத்தால், பள்ளியிலும் கல்லூரியிலும் கடைச் சமோசாவைச் சுவைத்துப் பழகிய பிள்ளைகள், “இது உண்மையான சமோசா இல்லையே” என்று முகஞ்சுளிக்கின்றனர். கிழங்கு இல்லாத சமோசா ஏதோ ஒரு குறைபட்ட போலி என்பது அவர்கள் எண்ணம். பெற்றோரும் மறுமொழி கூற இயலாமல், விரதத்தின் பொருட்டுச் சுவையை விட்டுக்கொடுத்ததாகவே கருதிக்கொள்கின்றனர். சமோசாவின் வரலாறு இதற்கு நேர்மாறானது. ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த அதன் வாழ்நாளில் மிகப் பெரும்பகுதி, உருளைக்கிழங்கு என்னும் பொருளையே அது அறிந்ததில்லை.

சமோசா பாரசீகத்துப் பண்டம். ‘சன்போசக்’ என்ற பழம் பாரசீகச் சொல் அரபியில் ‘சன்பூசஜ்’ என்றாகி, இந்தியாவில் ‘சம்பூசா’, ‘சமோசா’ எனத் திரிந்தது. பாக்தாத் நகரம் செழித்திருந்த 9ஆம் நூற்றாண்டிலேயே இப்பண்டத்தைப் புகழ்ந்து இசாக் அல்-மவ்சிலி என்ற இசைவாணர் பாடியதாக, அடுத்த நூற்றாண்டினரான வரலாற்றாசிரியர் அல்-மசூதி குறித்துள்ளார். அதே 10ஆம் நூற்றாண்டில் இப்னு சய்யார் அல்-வர்ராக் தொகுத்த அரபிச் சமையல் நூலிலும் அதற்கு இடமுண்டு. ஓர் உணவுப் பண்டத்தைப் பாட்டுடைத் தலைமகனாக்கும் வழக்கம் தமிழ்ப் புலவர்க்கு மட்டும் உரியதன்று போலும்.

தில்லிச் சுல்தான்களின் காலத்தில் சமோசா இந்தியாவில் வேரூன்றியது. அரசகுடியினரும் பிரபுக்களும் இறைச்சியும் நெய்யும் வெங்காயமும் சேர்ந்த சமோசாவை விரும்பியதை அமீர் குஸ்ரு குறிப்பிடுகிறார். 14ஆம் நூற்றாண்டில் முகமது பின் துக்ளக்கின் அவைக்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, விருந்தில் பரிமாறப்பட்ட பண்டங்களை வரிசைப்படுத்தும்போது சமோசாவையும் விளக்குகிறார். கொத்திய இறைச்சியுடன் வாதுமை, அக்ரூட், பிஸ்தா, வெங்காயம், மசாலைப் பொருள்கள் சேர்த்து, மெல்லிய அப்பத்துள் பொதிந்து நெய்யில் பொரித்தது அது. அவர் சுவைத்த சமோசாவில் உருளைக்கிழங்கும் இல்லை, மிளகாயும் இல்லை. இரண்டும் அன்று அமெரிக்கக் கண்டத்தைத் தாண்டியிருக்கவில்லை.

இவ்வரலாற்றில் சமணர் நின்று நோக்க வேண்டிய ஊர் ஒன்று உண்டு. அது மத்தியப் பிரதேசத்தில் மலைமேல் அமைந்த மாண்டு நகரம். மால்வா சுல்தான்களின் தலைநகராயிருந்த அவ்வூரில் செல்வாக்குடைய சமண வணிகர் பலர் வாழ்ந்தனர். தீர்த்தங்கரர் வரலாறு கூறும் கல்பசூத்திரத்தின் அழகிய ஓவியச் சுவடியொன்று 1439இல் அங்கே எழுதப்பட்டது. அது இன்று புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதே நகரில், 1469இல் அரியணையேறிய கியாத் ஷா என்ற சுல்தானுக்காக ‘நிமத்நாமா’ என்னும் சமையல் நூல் பாரசீக மொழியில் படங்களுடன் உருவாயிற்று. அதன் ஒரே சுவடி இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஏட்டின் தொடக்கப் பகுதியிலேயே சமோசாச் செய்முறைகள் வந்துவிடுகின்றன. அவற்றுள் ஒன்று கொத்திறைச்சி, வெங்காயம், பூண்டு ஆகியவற்றோடு சுக்கையும், பன்னீரில் அரைத்த குங்குமப்பூவையும், கத்தரிக்காய்ச் சதையையும் சேர்க்கச் சொல்கிறது. அந்நூலின் ஓவியங்களில் பாரசீகத்துச் சீராசுப் பாணியோடு, மேற்கிந்தியச் சமணச் சுவடிகளை வளர்த்த உள்நாட்டு ஓவிய மரபின் சாயலும் கலந்திருப்பதைக் கலை வரலாற்றாசிரியர் சுட்டுகின்றனர். ஒரே ஊரில் ஒரே தலைமுறை இடைவெளியில், ஒரு பக்கம் கல்பசூத்திரம், மறுபக்கம் இறைச்சிச் சமோசா!

கியாத் ஷாவின் நூல் உருவான சில ஆண்டுகளிலேயே, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கன்னட நாட்டில் மூன்றாம் மங்கரசர் என்ற சமணப் புலவர் ‘சூபசாஸ்திரம்’ என்ற சமையல் நூலைச் செய்யுளில் இயற்றினார். முற்றிலும் புலால் நீங்கிய நூல் அது. மாவுப் பண்டங்கள், பாயசங்கள், சோற்று வகைகள் என விரிந்து, கத்தரி, பலா, வாழை ஆகியவற்றைக் கொண்டு செய்யும் கறிகளையும் அது எடுத்துரைக்கிறது. இன்று கத்தரிக்காயைப் பல விதைகள் உடையது என்று விலக்கும் சமணர் பலர். மங்கரசருக்கோ அது விருப்பமான காய். காலமும் இடமும் மாறும்போது விலக்கின் எல்லையும் சற்றே நகர்வதுண்டு என்பதற்கு இது சான்று. வாழைக்காயைச் சிறப்புடைய காயாகக் கொள்ளும் பழக்கம் நேற்று வந்ததன்று என்பதும் இந்நூலால் விளங்கும்.

அக்பரின் அவையைப் பற்றி அபுல் பசல் எழுதிய ‘அயினி அக்பரி’யில் அரண்மனை உணவுகள் மூவகையாகப் பிரிக்கப்படுகின்றன. இறைச்சி சேராதவை, இறைச்சியும் அரிசி முதலியவையும் சேர்ந்தவை, இறைச்சியும் மசாலையும் சேர்ந்தவை என்பன அவை. ‘குதாப்’ என்ற பண்டத்தை இந்துஸ்தான மக்கள் சம்பூசா என்பர் என்ற குறிப்புடன் இரண்டாம் வகையில் அது இடம்பெறுகிறது. 10 சேர் இறைச்சிக்கு 4 சேர் மாவு, 2 சேர் நெய், 1 சேர் வெங்காயம், கால் சேர் பச்சை இஞ்சி என்று அளவும் கூறப்பட்டுள்ளது. அதே நூலில், பேரரசின் அறிஞர் பட்டியலின் முதல் வகுப்பில், ஹீரவிஜய சூரி என்ற சுவேதாம்பரத் துறவியின் பெயரும் உள்ளது. 1583இல் பத்தேபூர் சிக்ரியில் அக்பரைக் கண்டு, பர்யூஷண நாள்களில் உயிர்க்கொலையைத் தடை செய்யுமாறு ஆணை பெற்றவர் அவர்.

சமோசாவின் உள்ளிருந்த இறைச்சி நீங்கிக் காயும் பருப்பும் புகுந்தது, புலால் உண்ணாத குடும்பங்களின் அடுக்களைகளில் நிகழ்ந்த மாற்றம். அதற்குக் கல்வெட்டுமில்லை, அரசாணையுமில்லை. குஜராத்தில் பச்சைத் துவரையும் பட்டாணியும் பாசிப்பருப்பும் உள்ளீடாயின. உருளைக்கிழங்கைப் போர்த்துக்கீசியர் மேற்குக் கடற்கரையில் இறக்கினர். ஆயினும் அது பரவலாகப் பயிராகி விலை மலிந்தது 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பின், ஆங்கிலேயர் ஊக்கிய பிறகுதான். ஆகவே இன்று ‘உண்மையான சமோசா’ எனப்படும் உருளைக்கிழங்குச் சமோசாவின் வயது இருநூறாண்டு அளவினதே. பாக்தாத்திலிருந்து மாண்டு வரை மாறாமல் வந்தது மேலுறை ஒன்றுதான். உள்ளீட்டை அவ்வந்நாட்டார் தத்தம் நெறிக்கும் நிலத்துக்கும் ஏற்ப மாற்றியே வந்துள்ளனர்.

கிழங்கை விலக்கும் நெறி இவையனைத்தினும் பழையது. காஞ்சியோடு தொடர்புபடுத்திப் போற்றப்படும் சமந்தபத்திரர், ‘இரத்தினகரண்டக சிராவகாசாரம்’ என்ற வடமொழி நூலில், பயன் சிறிதாகவும் உயிர்க்கேடு பெரிதாகவும் உள்ளவற்றை இல்லறத்தார் நீக்க வேண்டும் என்று கூறி, முள்ளங்கியையும் ஈர இஞ்சியையும் அவ்வரிசையில் வைக்கிறார். இந்நூலின் கருத்துகளைத் தமிழில் குறள் வெண்பாவாகத் தருவது ‘அருங்கலச்செப்பு’. ஓர் உடலில் அளவிறந்த உயிர்கள் தங்குவதால் கிழங்கினத்தை ‘அனந்தகாயம்’ என்பர். பிடுங்கும்போது செடியே மடிவதும் மண்வாழ் சிற்றுயிர்கள் அழிவதும் உடன் நிகழும் கேடுகள். ஈர இஞ்சி விலக்கு, உலர்ந்த சுக்கு ஏற்பு என்ற நுட்பமும் இதனால் வந்தது. நிலக்கடலை மண்ணுக்குள் விளைந்தாலும் அது விதையே, கிழங்கன்று. கடலையெண்ணெயில் பொரிப்பதற்குத் தடையில்லை.

இனிச் செய்முறை. வீட்டுச் சமோசா மொறுமொறுப்பாக வரவில்லை என்பதே பலர் குறை. குற்றம் பெரும்பாலும் வாழைக்காயில் இல்லை. மாவிலும் எண்ணெயின் சூட்டிலும் உள்ளது.

கால் கிலோ மைதாவுக்கு உப்பும் ஒரு சிறு கரண்டி ஓமமும் சேர்த்து, 60 கிராம் அளவு உருக்கிய நெய்யை விட்டு, நீர் சேர்க்கும் முன்பே விரல்களால் நன்கு தேய்க்க வேண்டும். புட்டு மாவைப் போல, பிடித்தால் பிடிபட்டும் தொட்டால் உதிர்ந்தும் இருப்பதே பதம். மாவின் துகள்தோறும் நெய் படிந்தால், பிசையும்போது மாவு இழுபடும் தன்மை பெறாது, பொரிந்தபின் நொறுங்கும். பிறகு வடிகட்டிய நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசைதல் வேண்டும். பூரி மாவைவிட இறுக்கமாக இருக்கட்டும். மாவு தளர்ந்தால் மேலுறை எண்ணெய் குடித்துத் துவளும். ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் வைக்க வேண்டும். மாவு புதிதாயிருத்தலும் நன்று. அரைத்த மாவைக் குளிர்காலத்தில் 7 நாள், கோடையில் 5 நாள், மழைக்காலத்தில் 3 நாள் அளவே பயன்படுத்துவது திகம்பர மரபு. பழைய மாவில் பூச்சி தோன்றும் என்பதை அனுபவத்தால் அறிந்தவர் வகுத்த எல்லை அது.

உள்ளீட்டுக்கு மூன்று வாழைக்காயைத் தோலுடன் வேகவைத்து, ஆறியபின் உரித்துக் கையால் உதிர்க்க வேண்டும். மத்தால் மசித்தால் களியாகிவிடும். ஒரு கிண்ணம் பச்சைப்பட்டாணியை உரிக்கையில் ஒவ்வொரு காயாகப் பிளந்து புழு உண்டா எனப் பார்த்து எடுப்பது சமண இல்லத்து வழக்கம். விரைவு கருதி இதைக் கைவிடலாகாது. பட்டாணியை வேகவைத்து நீரை முற்றும் வடிக்க வேண்டும். சிறிது எண்ணெயில் சீரகம், ஒன்றிரண்டாய்ப் பொடித்த தனியா, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, பட்டாணியும் வாழைக்காயும் சேர்த்து, சுக்குப் பொடி, மிளகாய்த்தூள், மாங்காய்ப் பொடி, உப்பு இட்டு ஈரம் வற்றும்வரை கிளறவேண்டும். வெங்காயம் தரும் மணத்தைப் பெருங்காயமும், உருளைக்கிழங்கு தரும் உடலை வாழைக்காயும் தருகின்றன. வாழைக்காய் வறண்டு நெஞ்சை அடைப்பதாகத் தோன்றினால், பொடித்த முந்திரி சிறிது சேர்க்கலாம். இப்னு பதூதா கண்ட சமோசாவிலும் பருப்பு வகைகள் இருந்தன அன்றோ! உள்ளீடு முழுதும் ஆறியபின்பே பொதிய வேண்டும். சூட்டோடு வைத்தால் ஆவி மேலுறையை நனைத்து மென்மையாக்கிவிடும்.

உருண்டையை நீள்வட்டமாகத் திரட்டி, குறுக்கே இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கூம்பாகச் சுற்றி, விளிம்பில் நீர் தொட்டு ஒட்டி, முக்கால் அளவு நிரப்பி வாயை மூட வேண்டும். ஒட்டிய இடத்தில் சிறு துளை இருந்தாலும் எண்ணெய் உட்புகும்.

பொரிப்பதில் பொறுமை வேண்டும். ஒரு துளி மாவை எண்ணெயில் இட்டால் அது உடனே மேலெழாமல் மெல்லக் குமிழியிட்டு எழ வேண்டும். அச்சூட்டில் சமோசாக்களை இட்டு, சிறு தீயில் 12 முதல் 15 நிமிடம் வரை பொன்னிறமாகப் பொரிக்க வேண்டும். மேலுறையில் கொப்புளங்கள் எழுந்தால் எண்ணெய் மிகச் சூடேறிவிட்டது என்பது பொருள். அத்தகைய சமோசா வெளியே சிவந்து, உள்மாவு வேகாமல், பத்து நிமிடத்தில் தொய்ந்துவிடும். எடுத்தவற்றைக் கம்பித் தட்டில் நிறுத்தி வடியவிட வேண்டும். மூடிவைத்தால் மொறுமொறுப்பு போயிற்று.

தொட்டுக்கொள்ளத் தயிர்ச் சட்னி வேண்டா. பட்டாணி இருபிளவாகும் பயறு. அதைக் காய்ச்சாத தயிரோடு சேர்த்து உண்பதைத் ‘துவிதளம்’ என்று விலக்குவர். புளியும் பேரீச்சையும் சேர்த்து அரைத்ததோ, கொத்தமல்லித் தழையுடன் மாங்காய் அரைத்ததோ ஏற்றது. இரவுண்ணாமை பேணும் வீட்டில் சமோசா விளக்கு வைத்தபின் செய்யும் பண்டமன்று. பிற்பகல் மூன்று மணிக்கு மாவைப் பிசைந்து வைத்தால், நான்கரைக்கு வாணலி ஏற்றலாம். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் கதிரவன் மறையுமுன் சுடச்சுட உண்டு முடிக்கலாம்.