பிரேம்சந்தும் புத்தகச் சந்தையும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குச் சரித்திர சம்பந்தமான கட்டுரை ஒன்று வேண்டும் என்று காரியதரிசி அவர்கள் கேட்டபொழுது, சோழரைப் பற்றியும் பல்லவரைப் பற்றியும் எழுத என்னினும் தகுதி வாய்ந்தோர் நம் காலனியிலேயே உளர் என்று கூறித் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை. ஆதலின், நாம் பிழைக்க வந்து குடியேறியிருக்கும் இந்தக் கோரக்பூரின் சரித்திரத்திலிருந்தே ஒரு பகுதியை எடுத்துக்கொண்டேன். இவ்வூரில் பிரேம்சந்த் பூங்காவை அறியாத நம்மவர் இல்லை. குழந்தைகளை அழைத்துக்கொண்டு அங்கே சென்றிருப்போம். அங்குள்ள பழைய வீட்டில் வாழ்ந்தவர் யார், அவர் எவ்வாறு பிழைத்தார் என்பதை எண்ணிப் பார்த்தவர் நம்முள் சிலரே.

எனக்கு அந்த எண்ணம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைப்பானேன்? அடியேனும் ஒரு நாவலாசிரியன். ஆனால் கையெழுத்துப் பிரதியோடு நின்றுபோனவன். ஆபீஸ் முடிந்து வந்து, குழந்தைகள் உறங்கிய பின், பதினொரு ஆண்டுகள் எழுதிய கதை அது. சென்ற ஆண்டு அதைத் தமிழ்நாட்டுப் பிரசுரகர்த்தர் ஒருவருக்கு அனுப்பினேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒன்று, அச்சுக்கூலியை நானே தர வேண்டும். அன்றேல், கதையைப் பாதியாகக் குறைத்துக் காதல் பகுதியை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். அவர் கேட்ட தொகை என் நான்கு மாதச் சம்பளம். மகளைக் கல்லூரியில் சேர்க்க வைத்திருக்கும் பணமும் ஏறக்குறைய அதே தொகைதான். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அந்தப் பூங்காவிற்குச் சென்று உட்கார்ந்தேன். அன்று முதல் அம்மனிதரின் வாழ்க்கையைத் தேடித் தேடிப் படிக்கலானேன்.

தன்பத்ராய் என்பது அவருடைய இயற்பெயர். காசிக்கு அருகே லம்ஹி என்னும் சிற்றூரில் 1880-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் தபால் இலாகாவில் குமாஸ்தா. அவருக்குக் கோரக்பூருக்கு மாற்றலாயிற்று. பையனும் இங்கே வந்து படித்தான். ரேத்தி என்னும் கடைவீதியில் அக்காலத்தில் ஒரு புத்தகக் கடை இருந்தது. அக்கடையிலிருந்து பாட உரைநூல்களை வாங்கிச் சென்று பள்ளிப் பிள்ளைகளிடம் விற்றுக் கொடுப்பான். அதற்குக் கைம்மாறாக உருது நாவல்களை வீட்டிற்கு எடுத்துச் சென்று படிப்பான். இலக்கியமும் வியாபாரமும் அவருக்கு ஒரே கடையில், ஒரே வயதில் அறிமுகமாயின என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

மெட்ரிகுலேஷனில் இரண்டாம் வகுப்பில் தேறினார். முதல் வகுப்பில் தேறியவர்க்கே கல்லூரியில் சம்பளச் சலுகை என்பதால் மேற்படிப்பு நின்றது. (மெட்ரிகுலேஷனோடு நின்ற என் போன்றோர்க்கு இவ்விடத்தில் சற்றே ஆறுதல்.) ஒரு வக்கீலின் மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து மாதம் 5 ரூபாய் பெற்றார். கையில் காசில்லாத ஒரு நாள், பழைய கணக்கு உரைநூல் ஒன்றைக் கடையில் 1 ரூபாய்க்கு விற்றார். அங்கேயே ஒரு தலைமை ஆசிரியரைச் சந்தித்தார். சுனார் மிஷன் பள்ளியில் மாதம் 18 ரூபாய்க்கு வேலை கிடைத்தது. பின்னர் 1900-இல் சர்க்கார் பள்ளி உத்தியோகம்.

உத்தியோகம் நிலைத்தது, எழுத்துக்கு அதுவே விலங்காயிற்று. நவாப்ராய் என்ற பெயரில் 1908-இல் அவர் வெளியிட்ட ‘ஸோஸே வதன்’ என்னும் உருதுக் கதைத் தொகுதி ராஜத்துவேஷமானது என்று சர்க்கார் கருதியது. கலெக்டர் அழைத்துக் கண்டித்தார், பிரதிகள் தீயிலிடப்பட்டன, இனி எதை எழுதினாலும் முன்னதாகக் காட்டி அனுமதி பெற வேண்டும் என்று உத்தரவாயிற்று. கான்பூரில் ‘ஜமானா’ பத்திரிகை நடத்திய நண்பர் தயாநாராயண் நிகம் சொன்ன யோசனையின்படி 1910 முதல் பிரேம்சந்த் என்னும் பெயரைப் பூண்டார். உலகமறிந்த அப்பெயர் சர்க்கார் விதிக்கு அஞ்சிச் சூடிய முகமூடியே.

1916-இல் அவர் கோரக்பூர் நார்மல் பள்ளி ஆசிரியராகத் திரும்பி வந்தார். இங்கேதான் ‘பாஜாரே ஹுஸ்ன்’ என்னும் பெருநாவலை உருதுவில் எழுதினார். ஏழ்மையும் வரதட்சணையும் ஒரு குடும்பப் பெண்ணைத் தாசித் தெருவில் கொண்டுபோய்த் தள்ளும் கதை. எழுதி முடித்தபின் உருதுவில் உடனே பிரசுரிப்பார் கிடைக்கவில்லை. உருதுப் புத்தகத்திற்குச் சந்தை குறைவு. இந்தி வாசகர் கூட்டமோ வளர்ந்துகொண்டிருந்தது. ஆசிரியர் என் செய்தார்? கதையில் ஒரு பாத்திரத்தையும் மாற்றவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். இரு பிரதிகளையும் ஒப்பிடும் புலமை எனக்கில்லை. ஆனால் பொருளை விடவில்லை, மொழியை மாற்றினார். ‘சேவாசதன்’ என்ற பெயரில் 1919-இல் அது இந்தியில் வந்தது. கல்கத்தாப் பிரசுராலயம் 450 ரூபாய் கொடுத்தது. மூலமாகிய உருதுப் பிரதி, லாகூரில் 1924-இல்தான் அச்சேறியது. கிடைத்தது 250 ரூபாய். கணக்கு எழுதிப் பழகிய என் கண்ணுக்கு இவ்விரண்டு தொகைகளும் ஒரு சரித்திரத்தையே சொல்கின்றன. முதலில் பிறந்த பிள்ளைக்கு ஐந்தாண்டு காத்திருப்பும் குறைந்த விலையும்; மாற்றுடை அணிந்த பிள்ளைக்கு உடனே ஆதரவு. ஓர் எழுத்தாளன் தான் வளர்ந்த எழுத்தை விட்டு இன்னோர் எழுத்துக்கு மாறுவது எளிய காரியமா? தமிழை விட்டு இந்தியில் எழுதினால் இங்கே விலை போகும் என்று என்னிடம் ஒருவர் சொன்னால் எனக்கு எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். (என் இந்தியைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.)

இக்கதை நம் தமிழுக்கும் வந்தது. டைரக்டர் கே. சுப்பிரமணியம் 1938-இல் ‘சேவாசதனம்’ என்று படமாக்கினார். எம். எஸ். சுப்புலட்சுமி அவர்கள் நடித்த முதற்படம் அதுவே. நம் பாட்டிமார்கள் கண்டு உருகிய அப்படத்தின் மூலக்கதை இந்த ஊரில் எழுதப்பட்டது என்பதில் நமக்குச் சிறிது உரிமை உண்டு.

1921 பிப்ரவரி 8-ஆம் நாள் காந்தியடிகள் கோரக்பூரில் பேசினார். சர்க்கார் உத்தியோகத்தை விடுங்கள் என்றார். பிரேம்சந்துக்கு உடல்நலமில்லை, இரண்டு குழந்தைகள், மனைவி சிவராணி தேவி கர்ப்பவதி. ஐந்து நாள் யோசித்தார். மனைவியின் சம்மதத்தைப் பெற்றார். இருபதாண்டு உத்தியோகத்தைத் துறந்தார். அந்த ஐந்து நாட்களைப் பற்றி விரிவாக எழுத வேண்டுமென்று எனக்கு ஆசை. காந்தியடிகளின் சொல் ஒரு பொழுதில் முடிந்தது. அரிசிப் பானையைப் பார்த்துக்கொண்டே சம்மதம் சொன்ன அந்த அம்மையாரின் ஐந்து நாட்கள் எவ்வளவு நீண்டிருக்கும்!

இனி, எழுத்தே சோறு. அவருடைய துன்பம் எழுத்தை விற்றதனால் வந்ததன்று. அச்சகத்தை விலைக்கு வாங்கியதனால் வந்தது என்பது என் கருத்து. பிரசுரகர்த்தர் கையை எதிர்பார்க்காமல் தாமே அச்சிட்டுத் தாமே விற்றால் லாபமும் சுதந்திரமும் சேர்ந்து கிடைக்கும் என்று நம்பி, 1923-இல் காசியில் சரஸ்வதி அச்சகத்தைத் தொடங்கினார். நாவல் சம்பாதித்ததை அச்சகம் விழுங்கியது. 1930-இல் ‘ஹம்ஸ்’ பத்திரிகை. பின் ‘ஜாகரண்’ வாரப் பத்திரிகை. அவையும் நஷ்டம். 1934-35 வாக்கில் அச்சகத்தின் கடன் 4,000 ரூபாய். குளிருக்குக் கம்பளிச் சட்டை தைத்துக்கொள்ள மனைவி கொடுத்த பணத்தை அச்சகத் தொழிலாளர்க்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார் என்று சிவராணி தேவி தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். இவ்வூர் ஜனவரிக் குளிரை அறிந்த நமக்கு அதன் பொருள் விளங்கும்.

கடனை அடைக்கவே 1934-இல் பம்பாய் சென்றார். அஜந்தா சினிடோன் என்னும் கம்பெனி ஆண்டுக்கு 8,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. மோகன் பவ்னானி டைரக்ட் செய்த ‘மஜ்தூர்’ படத்திற்குக் கதை எழுதினார். ஆலைத் தொழிலாளரின் துயரத்தைச் சொன்ன அப்படத்தைப் பம்பாயில் வெளிவராமல் தடுத்துவிட்டார்கள். அதனினும் பெரிய வேடிக்கை காசியில் நடந்தது. அவருடைய சொந்த அச்சகத் தொழிலாளர்கள் சம்பளப் பாக்கிக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குத் தூண்டுகோல் அந்தப் படமே என்பர். தொழிலாளிக்காகக் கண்ணீர் விட்டவர் தொழிலாளிக்குக் கூலி பாக்கி வைத்தவராகவும் இருந்தார். இதை எழுதும்பொழுது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவ்வாண்டு டிசம்பரில் தக்ஷிண பாரத இந்திப் பிரசார சபையின் பட்டமளிப்பு விழாவில் பேசச் சென்னைக்கு வந்தார். பம்பாய் வாழ்வு அவருக்குப் பிடிக்கவில்லை. பம்பாய் டாக்கீஸ் ஹிமான்சு ராய் இருக்கச் சொல்லியும் கேளாமல், ஒப்பந்த ஆண்டு முடியுமுன்னரே 1935 ஏப்ரலில் காசிக்குப் புறப்பட்டுவிட்டார். அங்கே முடித்ததுதான் ‘கோதான்’. கடன்பட்ட உழவன் ஹோரியின் கதை 1936-இல் வெளிவந்தது. கடனைப் பற்றி அவ்வளவு துல்லியமாக எழுதக் கற்பனை மட்டும் போதுமா?

நானும் என் மறுமொழியை எழுதி அனுப்பிவிட்டேன். பணம் மகளின் கல்லூரிக்குப் போயிற்று. காதல் பகுதியை முன்னுக்குக் கொண்டுவர இயலாது. ஆனால் கதை நீளம் என்று அவர் சொன்னது உண்மையே, மீண்டும் படித்ததில் நூறு பக்கம் எனக்கே அலுத்தது. அதைக் குறைத்து மீண்டும் அனுப்புகிறேன் என்று எழுதினேன். இன்னும் பதில் இல்லை. இரவில் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிரேம்சந்த் 1936 அக்டோபர் 8-ஆம் நாள் காசியில் காலமானார். அப்பொழுது அவர் எழுதிக்கொண்டிருந்தது ‘மங்களசூத்திரம்’ என்னும் நாவல். அதன் நாயகர் தேவகுமார் ஓர் எழுத்தாளர். புகழ் சேர்த்தவர், பொருள் சேர்க்காதவர். குடும்பச் சொத்தை அற்ப விலைக்கு விற்றுவிட்டார் என்று பெற்ற மகனே அவரைக் குறை கூறுகிறான். அந்தத் தகப்பனுக்கும் மகனுக்கும் இடையிலான வழக்கு எப்படி முடிந்திருக்கும் என்பது நமக்குத் தெரியாது. நான்கு அத்தியாயங்களோடு அது நின்றுவிட்டது.