கப்பல் நின்றது; கட்டளை நிற்கவில்லை

தலைமன்னார் இறங்குதுறைக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914ஆம் ஆண்டு கப்பற் சேவை தொடங்கிற்று. மலையகத் தமிழர் வந்த வழியே, பின்னாளில் அவர்கள் அனுப்பப்பட்ட வழியும் ஆயிற்று.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30 அன்று கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அம்மக்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை.

அதே 1964இன் டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் இராமேஸ்வரத்துக்கே கப்பல் சென்றது. போர் மூண்டதும், 1984இல் அதுவும் நின்றது. இந்தியக் குடியுரிமை பெற்றும் புறப்படாத பல்லாயிரவர் தோட்டங்களிலேயே தங்கினர். பயணவழி இல்லை, ஆயினும் ஏடுகளில் அவர்கள் 'போகவேண்டியவர்' தாம்.

கணினித் துறையில் ஒரு கட்டமைப்பைக் கலைக்கும்போது, அதற்கென மாற்றிய அனுமதிகளையும் பழைய நிலைக்குத் திருப்புவது நல்ல வழக்கம். இங்கே அது நடக்கப் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே குடியுரிமை வழங்கிற்று. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தோரும் ஒரு பிரகடனத்தின் மூலம் அதைப் பெற இயன்றது.

போரில் அழிந்த ரயில் பாதை 2015இல் மீண்டும் தலைமன்னாரை எட்டியது. இடைக்காலத்தில் நாடற்றவராகவே மாண்டவர்களுக்கு எந்தச் சட்டமும் எதையும் மீட்டுத் தரவில்லை.