தறிக்குழியில் இருந்து பள்ளிக்கூடம் வரைக்கும்



மலருக்கு ஏதாவது வரலாறு எழுதிக் குடும்மான்னு தலைவி அக்கா கேட்டாங்க. காஞ்சிபுரத்தில் வரலாற்றுக்குப் பஞ்சமில்லை. எங்க செவிலிமேட்டிலேயே ராமானுஜர் தினமும் வரதராஜப் பெருமாளுக்குத் தண்ணீர் எடுத்துப் போனதாகச் சொல்லும் சாலைக்கிணறு இருக்கிறது. அதையெல்லாம் எழுதப் பெரியவங்க இருக்காங்க. எனக்குத் தெரிந்த வரலாறு வேறு. தறியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போன வரலாறு. அரசு, பள்ளிக்கூடம், பெத்தவங்க, ஊர் என்று நாலு பேரும் கை கோர்த்தால்தான் அது நடந்தது. ஒரு கை விட்டாலும் நடக்கவில்லை.

முதலில் காமராஜர் காலத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன். அப்போது நம்ம ஊர் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. கல்வித்துறையின் இயக்குநராக இருந்தவர் நெ.து.சுந்தரவடிவேலு. அவர் வெளியூர்க்காரர் இல்லை. நம்ம காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்தில் 1912-ல் பிறந்தவர். பசியோடு வரும் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று 1956-ல் மதிய உணவு தொடங்கினார்கள். தொடக்கத்தில் அது ஊரார் தந்த நன்கொடையில் நடந்தது. பிறகு அரசும் சேர்ந்தது. செலவில் பத்தில் ஆறு பங்கு அரசு, நாலு பங்கு ஊர் என்று கணக்கு வைத்தார்கள். சோறு போட்டதோடு ஊரையே பங்காளி ஆக்கினார்கள் என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

அடுத்து 1958-ல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு வந்தது. முதல் மாநாடு அன்றைய நம்ம மாவட்டத்துக் கடம்பத்தூரில்தான் நடந்தது. பள்ளிக்கு என்ன குறை என்று முதலில் பட்டியல் போடுவார்கள். கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், சுற்றுச்சுவர், பிள்ளைகளுக்குச் சீருடை என்று எல்லாம் அதில் இருக்கும். ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒன்றை ஏற்றுக்கொள்வார்கள். இடம் இருந்தவர் இடம் தந்தார். இல்லாதவர் உடலுழைப்பு தந்தார். மாநாட்டு மேடையில் கொடுத்தவர் பெயரைச் சொல்லுவார்கள். தமிழ்நாடு முழுக்க ஊர் ஊராக இப்படி நடந்து, கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள பொருள்கள் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தன. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் வேலையும் கிடைத்தது.

இவ்வளவு நடந்தும் எங்க நெசவாளர் தெருக்களில் எத்தனையோ பிள்ளைகள் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. ஏன்னு கேட்டீங்கன்னா, அதுக்கு ரெண்டு காரணம்.

ஒன்று, நம்ம பட்டுச் சேலையின் அழகு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று கோர்வை போட்டு நெய்வதுதான் காஞ்சிப் பட்டுக்குப் பேர். அதுக்கு நெய்கிறவர் ஒருத்தர் போதாது. கரைக்குத் தனி நாடா போட்டு வாங்க, பக்கத்தில் இன்னொரு ஆள் உட்காரணும். அந்த இடத்தில்தான் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். சின்ன விரல், குறைந்த கூலி, எதிர்த்துப் பேசாத வாய்.

இன்னொன்று, அட்வான்ஸ். வீட்டில் ஒரு சாவு, ஒரு பிரசவம், ஒரு ஆபரேஷன் வந்தால் தறிக்காரரிடம் பணம் வாங்குவார்கள். அந்தப் பணம் அடையும் வரை பிள்ளை தறியில் உட்காரணும். கூலியில் கடன் கழியாது, வட்டிக்கே சரியாகும். பிள்ளை பெரியவனாகி விடுவான், அட்வான்ஸ் மட்டும் அப்படியே நிற்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது. 1996 டிசம்பரில் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும் என்று தீர்ப்பு சொன்னது. ஆனால் 1986 சட்டத்தில் ஒரு வழி விட்டிருந்தார்கள். குடும்பத்தார் உதவியோடு நடக்கும் தொழிலுக்கு அந்தத் தடை இல்லை. நம்ம ஊரில் தறி இருப்பதே வீட்டுக்குள்ளேதான். அதிகாரி வந்தால், "எங்க அக்கா பையன் சார், லீவுல வந்திருக்கான்" என்று சொன்னால் முடிந்தது. சட்டம் வாசல்படியோடு நின்று போனது.

அந்த வாசல்படியைத் தாண்டினது யார் என்றால், பக்கத்து வீட்டுப் பெண்கள்.

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு வங்கி குழுக்களை வங்கியோடு இணைத்தது. 1997-98-ல் மகளிர் திட்டம் வந்த பிறகு எங்க பக்கமும் தெருவுக்குத் தெரு குழு வந்தது. நம்ம சேமிப்பில் இருந்து நமக்கே கடன். இதை வறுமை ஒழிப்பு என்று எழுதுவார்கள். எங்க வீட்டில் இதுக்கு வேறு பெயர், எங்க அக்கா விடுதலை.

அக்காவுக்கு எட்டு வயசு இருக்கும்போது பாட்டி வைத்தியத்துக்கு அப்பா அட்வான்ஸ் வாங்கினார். அக்கா தறியில் உட்கார்ந்தாள். நான் சின்னவள், பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் நான் புத்தகத்தை விரித்தால் அவள் பக்கத்தில் வந்து படம் பார்ப்பாள். அம்மா குழுவில் சேர்ந்து, முதல் கடன் வாங்கி, அட்வான்ஸைக் கட்டி முடித்தாள். வேலையில் இருந்து மீட்ட பிள்ளைகளுக்கென்று இருந்த சிறப்புப் பள்ளியில் அக்காவைச் சேர்த்தார்கள். மதியம் அங்கே சோறும் உண்டு. பிறகு சாதாரணப் பள்ளிக்குப் போய் எட்டாவது வரை படித்தாள். இன்னைக்கு அவள் குழுவின் கணக்கு நோட்டை அவளே எழுதுகிறாள்.

எல்லா வீட்டிலும் இப்படி நல்லபடியா முடியவில்லை. ஒரு வீட்டில் கடன் வாங்கி அட்வான்ஸைக் கட்டினார்கள். ஆனால் பையன் அடுத்த மாதமே வேறு தறியில் உட்கார்ந்தான். குழுப் பெண்கள் போய்க் கேட்டால், "அவனே பள்ளிக்கூடம் போக மாட்டேங்கிறான்" என்றார் அப்பா. பையனிடம் கேட்டார்கள். வயசுக்குச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைக்கிறார்கள், எழுத்து தெரியவில்லை என்று அடிக்கிறார்கள் என்று அழுதான். அப்போதுதான் எங்க அம்மா மாதிரி பெண்களுக்கு ஒன்று புரிந்தது. பணத்தால் அட்வான்ஸ் தீரும், ஆனால் பள்ளிக்கூடம் பிள்ளையை ஏற்றுக்கொள்ளணும். நாலைந்து பேர் சேர்ந்து போய் ஆசிரியரிடம் பேசினார்கள். ஒரு ஆசிரியை சாயங்காலம் அரை மணி நேரம் அவனுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுக்க ஒத்துக்கொண்டார். அந்தப் பையன் நின்றான்.

வீடு, குழு, பள்ளி மூன்றும் சேர்ந்ததால்தான் அவன் நின்றான். காமராஜர் காலத்து மாநாட்டிலும் இதே பாடம்தான். அங்கே கரும்பலகை இல்லை என்று பட்டியல் போட்டார்கள். இங்கே எந்த வீட்டுப் பிள்ளை வரவில்லை என்று பட்டியல் போட்டார்கள்.

இப்போது இந்தக் கூட்டுக்குச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கணும். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது. குடும்பத் தொழிலில் உதவுவது என்றாலும் பள்ளி நேரம் போகத்தான். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. கிராமப் பள்ளிகளில் காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல் கிண்டுவது நம்ம மாதிரி குழுப் பெண்கள்தான். தன் பிள்ளை சாப்பிடும் பள்ளியிலேயே தாய் சமைக்கிறாள். அன்றைக்கு ஊர் கொடுத்த நாலு பங்கு இன்னைக்கு நம்ம கையில் கரண்டியாக இருக்கிறது.

இதோடு வேலை முடிந்து விட்டதா? எட்டு வயசுப் பிள்ளை தறியில் உட்காருவதை இப்போது எங்க தெருவில் பார்க்க முடியாது. ஆனால் பத்தாவதில் ஃபெயிலான பெண்ணை வீட்டில் நிறுத்துகிறோம், மாப்பிள்ளை பார்க்கிறோம். பையன் ஒரு மாதம் பள்ளிக்குப் போகாமல் கடையில் நிற்கிறான். இதெல்லாம் நமக்குத் தெரியும். தெரிந்தும் கேட்பதில்லை. "அவங்க வீட்டு விஷயம்" என்று போய் விடுகிறோம். அன்றைக்கு எங்க அம்மாவும் அந்தப் பெண்களும் அப்படி நினைத்திருந்தால் எங்க அக்கா இன்னும் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டுதான் வைத்திருப்பாள்.

அதனால் கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. கூட்டத்தில் சேமிப்பு எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு என்று தீர்மான நோட்டில் எழுதுகிறோம். அதுக்குக் கீழே இன்னொரு வரி எழுதணும்: இந்த மாதம் நம்ம உறுப்பினர் வீட்டில் பள்ளிக்குப் போகாத பிள்ளை யார், ஏன் போகவில்லை, யார் போய்ப் பேசப் போகிறோம். அந்த வரியோடு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகணும்.

எங்க ஊர்ப் பெயரிலேயே செவிலி என்ற சொல் இருக்கிறது. தான் பெறாத பிள்ளையையும் தன் பிள்ளையாக வளர்ப்பவளுக்குச் செவிலித்தாய் என்று பேர். இந்தத் தெருவில் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் நாம எல்லாரும் அப்படித்தான்.